வாரத்தில் 12 மணி நேரம் மெஷின், மீதி 156 மணி நேரம் நாம்



இந்த இதழில் இரத்தச் சுத்திகரிப்பு பற்றி எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் இதை டயாலிசிஸ் என்கிறார்கள். நம் லயங்களில் ‘கிட்னி கழுவப் போறாரு’ என்று சொல்வார்கள். எப்படிச் சொன்னாலும் விஷயம் ஒன்றுதான். இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிப் போன ஒருவர், அந்த வேலையை வேறொன்று செய்துகொடுக்க, உயிர் வாழ்கிறார். மலேசியாவில் இன்று 50,000 பேருக்கு மேல் இப்படி வாழ்கிறார்கள். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் யாரைக் கேட்டாலும், ‘எங்க மாமா போறாரு’, ‘எங்க சித்தி போறாங்க’ என்று ஒருவரையாவது சொல்வார்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. மெஷின் மூலம் சுத்திகரிப்பு செய்பவர் ஒரு தடவைக்கு 4 மணி நேரம், வாரத்திற்கு 3 தடவை படுக்கிறார். ஆக 12 மணி நேரம். ஒரு வாரத்திற்கு மொத்தம் 168 மணி நேரம். மீதி 156 மணி நேரம் அவர் எங்கே இருக்கிறார்? லயத்து வீட்டில், வேலைக்காட்டில், கோயிலில், கல்யாண வீட்டில். அந்த நேரத்தில் என்ன குடித்தார், என்ன சாப்பிட்டார், கையை எப்படிப் பார்த்துக்கொண்டார், அடுத்த தடவைக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தாரா என்பதைப் பொறுத்துத்தான் அவருடைய ஆயுள். இதை டாக்டர் வந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நோயாளியும், வீட்டாரும், பக்கத்து வீட்டாரும், நம் சங்கக் கிளையும்தான் பார்க்க வேண்டும். அதனால்தான் நோயாளிக்கு மட்டும் என்று இல்லாமல் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

பயந்து தள்ளிப் போடாதீர்கள்

‘மெஷின்ல போட்டா ஆறு மாசத்துல கதை முடிஞ்சிடும்’ என்று ஒரு பேச்சு நம்மிடையே இருக்கிறது. இந்தப் பேச்சுதான் பலரைக் கெடுக்கிறது. டாக்டர் ‘ஆரம்பிக்கணும்’ என்று சொன்ன பிறகும் மாதக்கணக்கில் தள்ளிப் போடுகிறார்கள். நாட்டு மருந்து, ஜாமு, யாரோ சொன்ன பொடி என்று அலைகிறார்கள். கடைசியில் நுரையீரலில் நீர் கோத்து, மூச்சுத் திணறி, நடுச்சாமத்தில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அந்த நிலைமையில் மெஷினில் போட்டு ஒருவர் இறந்துபோனால், பழி மெஷின்மேல் விழுகிறது. கொன்றது மெஷின் அல்ல, தாமதம்.

இந்த மெஷினுக்கு ஒரு கதை உண்டு. 1943-இல், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, ஹாலந்து நாட்டின் கம்பென் என்ற ஊரில் டாக்டர் வில்லெம் கோல்ஃப் என்பவர் இதைச் செய்தார். பொருள் கிடைக்காத காலம். சாசேஜ் இறைச்சி அடைக்கப் பயன்படும் மெல்லிய செலோபேன் குழாயை ஓர் உருளையில் சுற்றி, அதற்குள் நோயாளியின் இரத்தத்தை ஓடவிட்டார். 1945-இல் முதன்முதலாக ஒரு பெண் அதனால் உயிர் பிழைத்தார். ஆனால், ஒவ்வொரு தடவையும் இரத்தக் குழாயைக் குத்திக் கெடுக்க வேண்டியிருந்ததால், நீண்ட காலம் யாருக்கும் தொடர்ந்து செய்ய முடியவில்லை. 1960-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டாக்டர் பெல்டிங் ஸ்கிரிப்னர், கையிலேயே நிரந்தரமாக வைத்துவிடும் ஒரு குழாயைக் கண்டுபிடித்தார். முதலில் அதைப் போட்டுக்கொண்டவர் கிளைட் ஷீல்ட்ஸ் என்ற இயந்திரத் தொழிலாளி. நம்மைப் போல் ஒரு பாட்டாளி. அந்தக் காலத்து மெஷினோடு அவர் 11 வருஷம் வாழ்ந்தார். 1971-இல்தான் காலமானார்.

இன்றைய மெஷின் அதைவிடப் பல மடங்கு முன்னேறியது. பத்து வருஷம், இருபது வருஷம் என்று வாழ்கிறவர்கள் உண்டு. ஆகவே, நேரத்தோடு ஆரம்பித்து, ஒழுங்காகப் போய்வருவதே முதல் மருந்து.

ஒரு தடவையும் தவறக் கூடாது

நல்ல சிறுநீரகம் இரவு பகலாக வேலை செய்கிறது. மெஷினோ வாரத்தில் 12 மணி நேரம்தான். ஆகவே ஒரு தடவை தவறினால், கழிவும் நீரும் பொட்டாசியம் என்ற உப்பும் இரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். பொட்டாசியம் எல்லை மீறினால் இருதயம் திடீரென்று நின்றுவிடும். வலி வந்து எச்சரிக்கை கொடுத்துவிட்டுத்தான் நிற்கும் என்று எண்ணாதீர்கள்.

திங்கள், புதன், வெள்ளி போகிறவருக்கு வெள்ளிக்கிழமைக்குப் பிறகு திங்கட்கிழமைதான். செவ்வாய், வியாழன், சனி போகிறவருக்கு சனிக்குப் பிறகு செவ்வாய். வாரத்திலேயே ஆபத்தான நேரம் இந்த நீண்ட இடைவெளிதான். நம் கல்யாணங்களும், காது குத்தும், கோயில் விசேஷமும், சம்பந்தி விருந்தும் வருவது எப்போது? இதே ஞாயிற்றுக்கிழமையில்தான். இதை வீட்டார் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தோட்டத்தில் இருப்பவருக்குப் பெரிய கஷ்டம் பயணம். சிரம்பான், போர்ட்டிக்சன், பகாவ், தம்பின் போன்ற டவுன்களில் சுத்திகரிப்பு மையங்கள் இருக்கின்றன. ஆனால் தோட்டத்து மண் ரோட்டிலிருந்து பெரிய ரோட்டுக்கு வருவதே சிலருக்குப் பாதிப் பயணம். பஸ்ஸை நம்ப முடியாது. மகன் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போனால் அவனுக்கு அன்றைய சம்பளம் போச்சு. ஆக, ஒரு நோயாளிக்கு இரண்டு பேர் கூலி நஷ்டம்.

சிலர் தாங்களே மோட்டாரை ஓட்டிக்கொண்டு போய்வருகிறார்கள். போகும்போது சரி, வரும்போது கூடாது. உடம்பிலிருந்து நீரை இறக்கியதும் இரத்த அழுத்தம் குறையும், தலை சுற்றும், கெண்டைக்கால் இழுக்கும். மழை பெய்து நனைந்த ரோட்டில், செம்பனை லோரி வரும் பாதையில், அந்த நிலையில் மோட்டார் ஓட்டுவது உயிரோடு விளையாடுவதாகும். முடித்த பிறகு கொஞ்ச நேரம் உட்கார்ந்து, அழுத்தம் பார்த்து, ஊசி குத்திய இடத்தில் இரத்தம் நின்றதை உறுதி செய்துகொண்டு, இன்னொருவர் வண்டியில் வாருங்கள்.

வெள்ளமோ, வண்டிக் கோளாறோ, போக முடியாமல் போய்விட்டால் என்ன செய்வது? உடனே மையத்துக்குப் போன் செய்து மறுநாள் இடம் கேளுங்கள். அதுவரை தண்ணீரையும் பழத்தையும் உப்பையும் நன்றாகக் குறையுங்கள். பெருநாள் காலங்களில் மையம் நாளை மாற்றலாம். முன்கூட்டியே கேட்டுக் காலண்டரில் எழுதி மாட்டுங்கள்.

தண்ணீர்: அளந்து குடிக்க வேண்டிய பொருள்

வெயிலில் வேலை செய்யும் நமக்கு ‘தண்ணி நிறைய குடி’ என்றுதான் நானே சொல்வேன். சிறுநீரகம் கெட்டவருக்கு இது தலைகீழ். அவருக்குச் சிறுநீர் மிகக் குறைவாகப் போகும், அல்லது போகவே போகாது. குடித்த தண்ணீர் அத்தனையும் உடம்பிலேயே தங்கும். 1 லிட்டர் தங்கினால் எடை 1 கிலோ ஏறும்.

பொதுவாகச் சொல்லும் கணக்கு இது: 24 மணி நேரத்தில் எவ்வளவு சிறுநீர் போகிறதோ அந்த அளவோடு 500 மில்லி லிட்டர் சேர்த்துக் குடிக்கலாம். ஆனால் உங்கள் டாக்டர் சொன்ன அளவே உங்களுக்கு அளவு. கோப்பி, தே, ரசம், மோர், கஞ்சி, குழம்பு, ஐஸ் எல்லாமே தண்ணீர்தான். ‘நான் தண்ணியே குடிக்கிறதில்லீங்க, வெறும் ரசந்தான்’ என்று சொன்னால் மெஷின் ஒத்துக்கொள்ளாது.

காலையில் ஒரு போத்தலில் அன்றைக்கு உள்ள அளவை ஊற்றி வையுங்கள். கோப்பி குடித்தால் அதே அளவைப் போத்தலிலிருந்து கொட்டிவிடுங்கள். மங்கு வேண்டாம், சின்னக் கிளாஸ் போதும். நாக்கு வறண்டால் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உப்பைக் குறைத்தால் தாகம் தானாகக் குறையும். உப்பும் ஊறுகாயும் குறையாமல் தாகத்தை அடக்கப் பார்ப்பது, அடுப்பை எரியவிட்டுவிட்டு உலை கொதிக்கக் கூடாது என்பதைப் போன்றது.

உடம்பில் மிகையான நீர் இல்லாதபோது இருக்கும் எடையை மையத்தில் ‘டிரை வெயிட்’ என்பார்கள். உங்கள் டிரை வெயிட் எத்தனை கிலோ என்று நீங்களும் வீட்டாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தோட்டக் கிளினிக்கில் தராசு இருக்கிறது. தினமும் காலையில் வந்து ஏறிப் பாருங்கள், காசா பணமா? ஒரு நாளைக்கு 1 கிலோவுக்கு மேல் ஏறினால் அளவு மீறுகிறது என்று அர்த்தம். கால் வீங்குவது, படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காரத் தோன்றுவது ஆகியவை நுரையீரலில் நீர் சேரும் அடையாளம். விடியட்டும் என்று காத்திருக்காமல் 999-க்கு அழையுங்கள், அல்லது உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சாப்பாடு: சட்டியில் இருக்கும் ஆபத்து

உப்புக்கு முதல் இடம். கருவாடு, நெத்திலி, பெலாச்சான், கிச்சாப், ஊறுகாய், அப்பளம், பாக்கெட் மீ ஆகிய எல்லாவற்றிலும் உப்பு மறைந்திருக்கிறது. கடையில் ‘உப்புக் குறைந்த உப்பு’ என்று விற்பதையும் கேட்காமல் வாங்காதீர்கள். அப்படி விற்கும் பலவற்றில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கும். நமக்கு அது விஷம்.

அடுத்தது பொட்டாசியம். இளநீர், வாழைப்பழம், டுரியான், பலாப்பழம், உருளைக்கிழங்கு, தேங்காய்ப்பால், கீரை வகைகள் ஆகியவற்றில் இது அதிகம். நம் ஊர் வழக்கப்படி நோயாளியைப் பார்க்கப் போகிறவர் கையில் என்ன கொண்டுபோவார்? ஒரு சீப்பு வாழைப்பழம், இரண்டு இளநீர். ‘உடம்புக்குக் குளிர்ச்சி, குடிங்க’ என்பார். அன்பாகக் கொடுப்பதுதான். ஆனால் அந்த அன்பு இருதயத்தை நிறுத்திவிடும். பார்க்கப் போகிறவர்கள் கொஞ்சம் ஆப்பிள் வாங்கிப் போங்கள், அதையும் அளவோடு.

காய்கறியைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பிறகு சமைத்தால் பொட்டாசியத்தில் ஒரு பகுதி போய்விடும். அந்தத் தண்ணீரைச் ‘சத்து’ என்று குழம்பில் ஊற்றிவிடக் கூடாது.

பெலிம்பிங் பழத்தை, நட்சத்திரம் போல் ஐந்து மூலையாய் இருக்கும் அந்த மஞ்சள் பழத்தை, சிறுநீரக நோயாளி ஒரு துண்டுகூடச் சாப்பிடக் கூடாது. நம் லயத்து வாசல்களில் இந்த மரம் இருக்கும். இதில் உள்ள ஒரு நச்சுப் பொருளை நல்ல சிறுநீரகம் வெளியேற்றிவிடும். கெட்ட சிறுநீரகத்தால் முடியாது. அது மூளைக்கு ஏறி, விடாத விக்கல், குழப்பம், வலிப்பு என்று வந்து, உயிரே போகலாம். ஜூஸ் போட்டாலும், ஊறுகாய் போட்டாலும் அதே பழம்தான். சாப்பிட்ட பிறகு விக்கல் நிற்கவில்லை என்றால் தண்ணீர் கொடுத்துப் பார்க்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ‘பெலிம்பிங் சாப்பிட்டார்’ என்று சொல்லுங்கள்.

அப்படியானால் எதைத்தான் சாப்பிடுவது? மீன், கோழி, முட்டை சாப்பிட வேண்டும். இதில்தான் பலர் குழம்புகிறார்கள். சிறுநீரகம் கெட ஆரம்பித்தபோது டாக்டர் ‘புரதத்தைக் குறைங்க’ என்று சொல்லியிருப்பார். சுத்திகரிப்பு ஆரம்பித்த பிறகு அது மாறிவிட்டது. மெஷினில் கொஞ்சம் புரதம் போய்விடுவதால், இப்போது முன்னைவிடக் கூடுதலாக வேண்டும். பழைய பேச்சையே பிடித்துக்கொண்டு சோறும் ரசமும் மட்டும் சாப்பிட்டு உடம்பு கரைந்துபோனவர்கள் உண்டு. புரட்டாசி, தைப்பூச விரதம் இருப்பவர்கள் முட்டையும் மீனும் இல்லாத நாளில் என்ன சாப்பிடலாம் என்று உணவு ஆலோசகரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

உடம்பெல்லாம் அரிப்பு என்று பலர் வருகிறார்கள். இதற்கு ஒரு காரணம் பாஸ்பேட் என்ற உப்பு கூடுவது. மைலோ, பால், கறுப்புக் கோலா, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி ஆகியவற்றில் அது அதிகம். இதற்காகத்தான் கால்சியம் கார்பனேட் என்ற வெள்ளை மாத்திரை கொடுக்கிறார்கள். அதைச் சாப்பாட்டோடு சேர்த்து மென்று விழுங்க வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டால் பயன் இல்லை.

உயிர் ஓடும் கை

மெஷினுக்கு இரத்தம் எடுப்பதற்காகக் கையில் ஒரு சிறு ஆபரேஷன் செய்து, இரண்டு இரத்தக் குழாய்களை இணைத்துவிடுகிறார்கள். இதற்குப் பிஸ்டுலா என்று பெயர். 1966-இல் அமெரிக்க டாக்டர்கள் இந்த முறையை வெளியிட்டார்கள். இன்றைக்கும் இதைவிடச் சிறந்தது வரவில்லை. இணைத்த குழாய் பருத்துத் தயாராக 6 வாரத்திலிருந்து சில மாதம் வரை ஆகும். ஆகவே, டாக்டர் சொன்னவுடன் செய்துகொள்ள வேண்டும்.

தினமும் காலையில் எழுந்ததும் அந்த இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள். ‘கிர்ர்’ என்று அதிர வேண்டும். அதிர்வு நின்றுபோனால் குழாய் அடைத்துக்கொண்டது என்று பொருள். மறுநாள் பார்க்கலாம் என்று விடாமல் அன்றைக்கே போங்கள். நேரத்தோடு போனால் காப்பாற்றலாம்.

அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கவும், இரத்தம் எடுக்கவும் யாரையும் விடாதீர்கள். கைக்கடிகாரம், இறுக்கமான வளையல், நேர்த்திக் காப்புக் கயிறு எதுவும் வேண்டாம். தலைக்குக் கீழே மடக்கி வைத்துத் தூங்காதீர்கள். பால் வாளியோ, உர மூட்டையோ, குலையோ தூக்காதீர்கள். செம்பனை முள்ளும் சும்மா இருக்காது. முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

குத்திய இடத்தில் வீட்டில் திடீரென்று இரத்தம் பீறிட்டால், துண்டைச் சுற்றிக் கட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். துணிக்கடியில் இரத்தம் போவது தெரியாது. சுத்தமான துணியை மடித்து, அந்த ஓட்டை மேலேயே விரலால் அழுத்திப் பிடித்து, கையைத் தூக்கி வைத்து, உதவிக்குக் கூப்பிடுங்கள். அழுத்திய கையை எடுக்கவே கூடாது.

கழுத்தில் குழாய் போட்டிருப்பவர்கள் அதில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆற்றுக் குளியல், தொட்டியில் அள்ளி ஊற்றும் குளியல் வேண்டாம். உடம்பைத் துடைத்துக்கொண்டால் போதும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், இரத்தத்தில் கிருமி நுழைந்திருக்கலாம். பெனடோல் போட்டுப் படுக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மருந்தில் மூன்று எச்சரிக்கை

ஒன்று, சீனி வியாதி உள்ளவர்களுக்கு. சிறுநீரகம் கெட்ட பிறகு இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும். பழைய அளவையே போட்டால் சீனி தாழ்ந்து மயக்கம் வரும். டாக்டரிடம் சொல்லி அளவைச் சரி செய்யுங்கள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு மிட்டாய் இருக்கட்டும்.

இரண்டு, இரத்த அழுத்த மாத்திரையை மெஷினுக்குப் போகும் நாளில் காலையில் போடுவதா, திரும்பி வந்து போடுவதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஆள் மாறும்.

மூன்று, இடுப்பு வலி, மூட்டு வலிக்குக் கடையில் சொந்தமாக வலி மாத்திரை வாங்காதீர்கள். ஜாமு, கஷாயம், பெயர் தெரியாத பொடி எதையும் டாக்டருக்குத் தெரியாமல் சாப்பிடாதீர்கள். மிச்சம் மீதி இருக்கும் சிறுநீரையும் இவை நிறுத்திவிடும்.

வீட்டிலேயே செய்யும் முறை

மெஷின் இல்லாமல், வயிற்றில் ஒரு சிறு குழாய் வைத்து, மருந்து நீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வெளியே எடுக்கும் முறையும் உண்டு. சி.ஏ.பி.டி. என்பார்கள். 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவிலும் கனடாவிலும் வளர்ந்த முறை இது. பொதுவாக ஒரு நாளைக்கு 4 தடவை, ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 2 லிட்டர் பை. வாரம் 3 தடவை டவுனுக்கு அலையும் வேலை இல்லை. தூரத்துத் தோட்டத்தில் இருப்பவருக்கும், வேலையை விட முடியாதவருக்கும் இது பெரிய உதவி.

ஆனால் சுத்தம்தான் இதன் உயிர். ஆடு, கோழி வராத, மின்விசிறி நிறுத்திய ஒரு மூலை வேண்டும். கையைச் சோப்புப் போட்டு முறைப்படி கழுவ வேண்டும். ஒரு மாதத்திற்கு 120 பைகள் ஆகும், அவற்றை அடுக்கி வைக்கக் காய்ந்த இடம் வேண்டும். வெளியே வரும் நீர் கலங்கலாக இருந்தாலோ, வயிறு வலித்தாலோ, பையையும் எடுத்துக்கொண்டு உடனே போக வேண்டும். லயத்து வீட்டில் முடியுமா என்றால், முடியும். இரண்டு அறை வீட்டில் சுத்தமாகச் செய்துகொண்டு வேலைக்கும் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சிரம்பான் துவாங்கு ஜாபார் ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் ‘எனக்கு எது பொருந்தும்?’ என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்துவதும் ஒரு வழிதான். நம் நாட்டில் கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் 1975-லேயே முதல் ஆபரேஷன் நடந்தது. நெருங்கிய உறவினர் கொடுக்க முன்வந்தால் பரிசோதித்துப் பார்ப்பார்கள்.

வேலையும் வெள்ளியும்

வாரம் 3 தடவை என்றால் வருஷத்திற்கு 156 தடவை. தனியார் மையத்தில் ஒரு தடவைக்கு 200 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், வருஷத்திற்கு 31,200 வெள்ளி. 2025 பிப்ரவரி முதல் வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, வருஷத்திற்கு 20,400. ஆக, முழுச் சம்பளத்தையும் கொட்டினாலும் போதாது. உதவி இல்லாமல் எந்தத் தொழிலாளியும் இதைத் தாங்க முடியாது. உதவி இருக்கிறது. கேட்டு வாங்கத் தெரிய வேண்டும்.

முதலாவது சொக்சோ. 1969-ஆம் வருஷத்துச் சட்டப்படி அமைந்த நம் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். வேலைக்காட்டில் அடிபட்டால் மட்டும்தான் சொக்சோ என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்து, தகுதி பெறும் சந்தாதாரருக்கு இரத்தச் சுத்திகரிப்பு வசதியும், பென்சென் இலாட் எனும் இயலாமை ஓய்வூதியமும் உண்டு. 60 வயதுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிப்பதற்கு முந்திய 40 மாதத்தில் 24 மாதச் சந்தா கட்டியிருப்பது தகுதி பெறும் வழிகளில் ஒன்று. ஆகவே, உடம்பு முடியவில்லை என்று வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று வருஷம் கழித்துப் போய் நிற்காதீர்கள். சந்தாக் கணக்கு அறுந்துபோகும். வேலையை விடும் முன் சங்கக் கிளைக்கு வாருங்கள். குத்தகைக்காரரிடம் வேலை செய்பவர்கள் சம்பளச் சீட்டில் சொக்சோ பிடித்தம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

இரண்டாவது, லீவு. வேலைச் சட்டப்படி, 5 வருஷத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருஷத்திற்கு 22 நாள் சம்பளத்துடன் மருத்துவ லீவு. வாரத்திற்கு 3 நாள் எடுத்தால் ஏழு வாரத்தில் தீர்ந்துவிடும். ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியவருக்கு 60 நாள் உண்டு. 2023 ஜனவரியிலிருந்து அது அந்த 22 நாளோடு சேராத தனிக் கணக்கு. ‘ஆஸ்பத்திரியில் தங்க வேண்டிய அளவு நோய்’ என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால், படுக்கை கிடைக்காமல் வீட்டில் இருந்தாலும் தங்கியதாகவே கணக்கு. இதுவும் வருஷம் முழுவதற்கும் போதாதுதான். ஆகவே லீவை மட்டும் நம்பாமல், மையத்தில் பகல் அல்லது மாலை நேரம் கேட்பதும், நிர்வாகத்திடம் இலேசான வேலைக்கு மாற்றம் கேட்பதும் அவசியம். வாய்ப்பேச்சாகக் கேட்காமல், டாக்டர் கடிதத்தோடு, கிளைச் செயலாளர் மூலம் எழுத்தில் கேளுங்கள்.

மூன்றாவதாக, அரசாங்க ஆஸ்பத்திரியில் மருத்துவச் சமூகநல அதிகாரி இருக்கிறார். எந்த நிதியில் என்ன உதவி கிடைக்கும் என்று சொல்லி, பாரத்தை நிரப்பித் தருவது அவர் வேலை. 1969-இல் தொடங்கப்பட்ட தேசிய சிறுநீரக அறநிறுவனம் போன்ற பொதுச் சேவை மையங்களில் கட்டணம் குறைவு. கடுமையான நோய்ச் செலவுக்கு இ.பி.எப். பணத்தில் எடுக்கவும் வழி உண்டு. அது முதுமைக்கு வைத்த பணம், ஆகவே மற்றக் கதவுகளைத் தட்டிய பிறகு அதைத் தொடுங்கள்.

லயத்தார் செய்ய வேண்டியது

நோயாளியின் மனத்தையும் பார்க்க வேண்டும். நேற்றுவரை 40 அடி மரத்தில் குலை வெட்டியவர், இன்று பேரனிடம் தண்ணீர் அளந்து வாங்கிக் குடிக்கிறார். ‘நான் வீட்டுக்குப் பாரமாயிட்டேன்’ என்று சிலர் வேண்டுமென்றே போகாமல் இருந்துவிடுகிறார்கள். அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தால் கேளுங்கள். அவரால் முடிந்த கணக்கு, கோயில் வேலை, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுதல் எதையாவது அவரிடம் கொடுங்கள்.

நோயாளி ஒரு தாயாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். மெஷினிலிருந்து வந்த அன்றைக்கே அவரை அடுப்படியில் நிறுத்தாதீர்கள். வீட்டுக்கே உப்பைக் குறைத்துச் சமைத்தால் தனிச்சட்டி வேலை இல்லை. மற்றவர்களின் இரத்த அழுத்தத்துக்கும் அது நல்லது.

மாரியம்மன் திருவிழாவில் கூழும் பானகமும் நீர்மோரும் ஊற்றும் தம்பிமார்களே, ‘ஒரு கிளாஸ் குடிச்சா என்னாயிடும் மாமா, சாமி பிரசாதம்’ என்று வற்புறுத்தாதீர்கள். ஒரு சொட்டு நெற்றியில் தொட்டுக்கொண்டாலும் அம்மன் கோபிக்க மாட்டாள்.

கிளைத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டங்களிலும் சுத்திகரிப்புக்குப் போகிறவர்கள் எத்தனை பேர், எந்த மையம், எந்த நாள், எந்த நேரம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே டவுனுக்குப் போகிற மூன்று பேருக்கு ஒரே நாளும் நேரமும் கேட்டு வாங்க முடிந்தால், மூன்று மோட்டாருக்குப் பதில் ஒரு வண்டி போதும். பிள்ளைகளின் நாட்கூலியும் மிச்சம். தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிபோனவர்களையும் பட்டியலில் சேருங்கள். நிர்வாகத்திடம் வண்டி கேட்கும்போதும், வெறும் கையோடு போகாமல் இந்தத் தாளோடு போனால் பேச்சு எடுபடும்.

நோய் வராதவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் நாட்டில் புதிதாகச் சுத்திகரிப்புக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் சீனி வியாதியால் வருகிறார்கள். 2019 தேசிய சுகாதார ஆய்வுப்படி பெரியவர்களில் ஐந்தில் ஏறக்குறைய ஒருவருக்குச் சீனி வியாதி. அதிலும் இந்தியர்களிடையேதான் மிக அதிகம். சிறுநீரகம் கெடும்போது ஆரம்பத்தில் வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளி கட்டினால் இரத்தமும் சிறுநீரும் சோதித்துச் சொல்வார்கள். சீனியோ அழுத்தமோ உள்ள ஒவ்வொருவரும் வருஷத்திற்கு ஒரு தடவையாவது ‘சிறுநீர்ல புரதம் போகுதா, கிரியேட்டினின் எவ்வளவு?’ என்று கேளுங்கள். வீட்டில் ஒருவர் மெஷினுக்குப் போகிறார் என்றால், கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் கட்டாயம் சோதித்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து, உங்கள் லயத்தில் சுத்திகரிப்புக்குப் போகிறவர் வீட்டில் கொடுங்கள். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாவிட்டால், பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். அப்படியே அவர் அடுத்த தடவை எந்த வண்டியில் போகிறார் என்றும் கேட்டுவிட்டு வாருங்கள்.